கறோல் விசுவநாதபிள்ளையும் பொன்மாற்றுக் கணக்கும்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து அறிஞரை எண்ணத் தொடங்குவோர் ஆறுமுக நாவலரையும், சி. வை. தாமோதரம்பிள்ளையையும் முதற்கண் கூறுவர். அவ்வரிசையிற் கறோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் மாத்திரமே வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் அவர் என்பது ஒன்று. நாவலரோடு முதலில் மாறுபட்டு, பின்னர் அவர் நின்ற சைவநெறிக்கே மீண்டவர் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் மூன்றாவதொன்று உண்டு. அது நூலாசிரியர் பட்டியல்களிற் சிறிய எழுத்தில் ஒரு வரியாய் ஒதுங்கிக் கிடக்கின்றது. 1855ஆம் ஆண்டிலே தமிழில் வீசகணித நூலொன்றை அச்சேற்றியவர் அவர் என்பதே அது. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவரும், இந்நாள் மாணவரும், ஆசிரியரும் அம்மூன்றாவது செய்தியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டுமென விரும்பி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

வீசகணிதம் என்னும் பெயரைக் கண்டு மயங்குவோர் உளர். நம் கீழ்வாய் இலக்கத்தில் வீசம் என்பது பதினாறில் ஒன்று. அந்த வீசம் வேறு, இந்த வீசம் வேறு. விதை எனப் பொருள்படும் பீஜம் என்னும் வடசொல்லே தமிழில் வீசமாயிற்று. விதைக்குள் மரம் அடங்கியிருத்தல்போல அறியப்படாத எண் கணக்கினுள் அடங்கியிருக்கின்றது என்பது கருத்து. பிற்காலத்தில் நம் பாடசாலைகளில் அட்சரகணிதம் என வழங்குவதும், தமிழகத்தார் இயற்கணிதம் என்பதும் இதுவே.

விசுவநாதபிள்ளை வலிகாமத்திலே 1820ஆம் ஆண்டிற் பிறந்தவர். சிறுவராயிருந்தபோது வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். அக்கலாசாலையை அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவினர். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அங்கே உணவும் உடையும் பெற்றுக் கற்ற பிள்ளைகளுக்கு, அவர்தம் செலவைப் பொறுத்த அமெரிக்க நன்கொடையாளர் விரும்பிய பெயர்களைச் சூட்டுவது வழக்கம். தாமோதரம்பிள்ளையின் பெயருக்கு முன் நிற்கும் சாள்ஸ் வின்ஸ்லோ அவ்வாறு வந்தது. சிதம்பரப்பிள்ளைக்கு வில்லியம் நெவின்ஸ் என்னும் பெயர் வந்ததும் அவ்வாறே. நம் விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும் அவ்வழக்கினாலேதான். தந்தையார் வைரமுத்தர் இட்ட பெயரைப் பின்னாளில் அவர் விட்டுவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே வழங்கினார்.

செமினரியிற் கற்பிக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்ப்போர் வியப்படைவர். எண்கணிதம், வீசகணிதம், யூக்கிளிட்டின் கேத்திரகணிதம், திரிகோணகணிதம், வானசாத்திரம், இயற்கைத் தத்துவம், தருக்கம் என்பவற்றோடு தமிழிலக்கணமும் இலக்கியமும் அங்கே பயிலப்பட்டன. கல்லூரிகள் மலிந்த நாடுகளிலேனும் அக்காலத்தில் இவையனைத்தையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பது எளிதன்று. கணிதத்துக்கு அங்கே தனிமதிப்பிருந்தது. அதற்கொரு காரணம் உண்டு. பூவர் நம்மவரின் பஞ்சாங்கக் கணிதத்தைத் தாமே முயன்று கற்றார். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துச் சந்திரகிரகணம் நிகழும் நேரம்பற்றி, பெயர்பெற்ற பஞ்சாங்கக் கணிதராகிய விசுவநாத சாஸ்திரியாரோடு அவர் மாறுபட்டார். வேற்றுமை ஏறக்குறையக் கால்மணி நேரமே. ஆனால் அன்றிரவு ஊரார் பலர் கண்விழித்திருந்து பார்த்தனர். பூவர் கணித்த நேரமே சரியாயிற்று. மதத்தை நாட்டும் நோக்கத்தோடுதான் அவர் அதைச் செய்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், ஒரு கூற்றின் உண்மையைக் கணக்கினாலே சோதிக்கலாம் என்னும் எண்ணம் வட்டுக்கோட்டையிற் கற்ற பிள்ளைகளின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. விசுவநாதபிள்ளை அப்பிள்ளைகளுள் ஒருவர். கற்று முடித்தபின் அக்கலாசாலையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்.

இனி, அவர் தமிழிற் சொல்ல முயன்ற கலை எத்தகையது என்பதை நம் ஊர்ப்பொருள் ஒன்றினாலேயே விளக்குவோம்.

யாழ்ப்பாணத்துச் சைவர் வீட்டுக் கலியாணத்தில் முதற்சடங்கு பொன்னுருக்கு. நல்ல நாளிலே மணமகன் வீட்டிற்குப் பத்தர் வந்து, உறவினர் சூழ்ந்திருக்க, பொற்காசொன்றைத் தாலிக்கென உருக்குவார். நம்மவர் பொன்னை இன்றும் பவுண் கணக்கிலே பேசுகின்றனர். ஆங்கிலேயரின் பவுண் காசு ஏறக்குறைய எட்டுக் கிராம் நிறையுள்ளது. அதில் 24 பங்கில் 22 பங்கு பொன். எஞ்சிய 2 பங்கு பிற உலோகம். தனிப்பொன் மிகவும் மென்மையானது. செம்பு முதலியன சேராவிட்டால் நகை வளைந்தும் தேய்ந்தும் போகும். ஆகவே கலப்பு என்பது பொன்வேலையிற் குற்றமன்று, தேவை. எவ்வளவு கலந்தது என்பதை மறைப்பதே குற்றம். அந்த அளவை அறிதற்கே உரைகல்லும், மாற்று என்னும் அளவையும் எழுந்தன. பத்தரைமாற்றுத் தங்கம் என்று நாம் உயர்ந்தோரைப் புகழ்வதும் இவ்வளவையிலிருந்து வந்ததே.

இக்கணக்கு நம் நாட்டுக்குப் புதியதன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்திற் பொன்னைப்பற்றிய கணக்குக்களுக்கு இடமுண்டு. திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் அவற்றை மனனஞ் செய்தனர். பாஸ்கராசாரியார் 1150ஆம் ஆண்டில் எழுதி முடித்த சித்தாந்தசிரோமணியின் முதற்பகுதியாகிய லீலாவதியில் பொன்மாற்றுக் கணக்குக்கென ஒரு பிரிவே வகுத்துள்ளார். அவர் காட்டும் கணக்கு ஒன்று வருமாறு: 13 மாற்றுள்ள பொன் 10 மாடம், 12 மாற்றுள்ளது 4 மாடம், 11 மாற்றுள்ளது 2 மாடம், 10 மாற்றுள்ளது 4 மாடம்; இவற்றை ஒன்றாயுருக்கினால் மாற்று யாது? ஒவ்வொரு பொன்னின் நிறையையும் அதன் மாற்றினாற் பெருக்கினால் 130, 48, 22, 40 வரும். கூட்டினால் 240. மொத்த நிறை 20 மாடம். 240ஐ 20ஆற் பிரிக்க விடை 12 மாற்று. அப்பொன்னையே புடமிட்டு 16 மாடமாகச் சுருக்கினால் மாற்று 15 ஆகும். புடத்திலே நிறை குறையும், மாற்று ஏறும், இரண்டின் பெருக்கம் மாத்திரம் மாறாது. பொன் இழக்கப்படவில்லையாதலால் அப்பெருக்கமும் மாறுவதில்லை. உலோகக் கலவைக் கணக்கு முழுவதும் இந்த ஒரு தூணின்மேலே நிற்கின்றது.

இவ்வளவும் நேர்க்கணக்கு. பொருள்களைத் தந்து கலவையைக் கேட்பது. தலைகீழாய்க் கேட்கும்போதுதான் இடர்ப்பாடு தொடங்கும். பத்தரொருவரிடம் 9 மாற்றுப் பொன்னும் 6 மாற்றுப் பொன்னும் இருக்கின்றன. 8 மாற்றில் 12 களஞ்சு நிறையுள்ள ஓர் ஆபரணம் செய்ய வேண்டும். எதில் எவ்வளவு எடுப்பது? பழைய முறையிற் கற்றவர் உடனே சொல்லிவிடுவார். 8க்கும் 6க்கும் வேற்றுமை 2, 9க்கும் 8க்கும் வேற்றுமை 1. ஆகவே உயர்ந்த பொன் இரண்டு பங்கு, தாழ்ந்த பொன் ஒரு பங்கு. 12 களஞ்சில் முன்னது 8, பின்னது 4. விடை சரி. வேற்றுமைகளை ஏன் மாற்றிவைக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டால், பெரும்பாலான ஆசிரியர் விதி அவ்வாறு என்று சொல்லி நிறுத்திக்கொள்வர்.

வீசகணிதம் அங்ஙனம் நிறுத்துவதில்லை. அறியாத நிறையை ய என்போம். 9 மாற்றுப் பொன் ய களஞ்சு. ஆகவே 6 மாற்றுப் பொன் 12 − ய களஞ்சு. நிறையையும் மாற்றையும் பெருக்கிக் கூட்டிய தொகை, ஆபரணத்தின் பெருக்கமாகிய 12 × 8 = 96க்குச் சமமாதல் வேண்டும்.

9ய + 6(12 − ய) = 96

9ய + 72 − 6ய = 96; ஆகவே 3ய = 24; ய = 8. மற்றையது 4. இங்கே மனனஞ் செய்ய வேண்டிய விதியொன்றும் இல்லை. உலையிற் பொன் அழியாது என்னும் ஓர் உண்மையை எழுத்தால் எழுதினோம். எஞ்சியதை எழுத்தே செய்தது. அறியாததை அறிந்ததுபோலப் பெயரிட்டு அழைத்து, அதன்மேற் கூட்டலையும் கழித்தலையும் நடத்துவதே இக்கலையின் துணிவு. பாஸ்கராசாரியார் அறியாத எண்ணை யாவத்தாவத் என்று பெயரிட்டு, அதன் முதலெழுத்தாகிய யா என்பதனால் எழுதினார். இரண்டாவது மூன்றாவது அறியா எண்களுக்குக் கருமை, நீலம் என நிறங்களின் பெயரை வைத்தார். ஐரோப்பியர் அட்சரங்களை வைத்தனர். பெயர் எதுவாயினும் செயல் ஒன்றே.

இன்னுங் கடினமானதொன்றைக் காண்போம். இரண்டு பொற்கட்டிகள் உள்ளன. இரண்டின் மாற்றும் தெரியாது. இரண்டிலும் ஒத்த நிறை எடுத்து உருக்கினால் 8 மாற்றாகின்றது. முதற்கட்டியில் இரண்டு பங்கும் மற்றதில் ஒரு பங்கும் எடுத்து உருக்கினால் எட்டே மூன்றிலொரு மாற்றாகின்றது. கட்டிகளின் மாற்றுக்கள் யாவை? வேற்றுமையை மாற்றிவைக்கும் விதி இங்கே வாய்மூடி நிற்கும். வீசகணிதமோ சிறிதும் தயங்காது. முதலதன் மாற்று ய, இரண்டாவதன் மாற்று க என்போம். முதற்கலவையால் ய + க = 16. இரண்டாவதால் 2ய + க = 25. மேலதைக் கீழதிலிருந்து கழிக்க, ய = 9. ஆகவே க = 7. இரண்டு அறியாமைக்கு இரண்டு உண்மை வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். பாஸ்கராசாரியாரும் இதனை நன்குணர்ந்தவர். 16 மாற்றும் 10 மாற்றும் உள்ள இரு கட்டிகள் சேர்ந்து 12 மாற்றாயின, அவற்றின் நிறை யாது என்றொரு கணக்கை அவர் தருகின்றார். அதற்கு ஒரு விடை இல்லை. ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதம் மாத்திரமே கிடைக்கும். அந்த விகிதத்தில் எந்த நிறையும் பொருந்தும்.

மேலே காட்டிய கணக்குக்களிற் பாஸ்கராசாரியாருடையன நீங்கலாக மற்றையவை நாம் அமைத்தவை. அவை விசுவநாதபிள்ளையின் நூலினின்றும் எடுக்கப்பட்டன அல்ல. ஆயின் அவர் காலத்து ஆங்கில வீசகணித நூல்களில் கலவைக் கணக்கு இடம்பெறுவது வழக்கம். சமன்பாட்டினாற் பொன்னின் கலப்பை அறியும் வழி செமினரி மாணவருக்குப் பழகிய வழியே. அவ்வழியைச் செமினரிக்கு வெளியே நின்ற தமிழனுக்கும் திறந்துவிடலாம் என்று எண்ணியதிலேதான் விசுவநாதபிள்ளையின் தனிச்சிறப்பு இருக்கின்றது.

அது எத்துணை அரிய முயற்சி என்பதை இக்காலத்தார் எளிதில் உணரமாட்டார். நமக்குச் சமன்பாடு, கெழு, அடுக்கு, மூலம், மாறி என்னும் சொற்கள் கையெட்டும் தூரத்திலே கிடக்கின்றன. 1855இல் அவ்வாறில்லை. கணக்கதிகாரத்தின் செய்யுள் மரபு ஒருபக்கம். வடமொழிக் கணித நூல்களின் சொல்வளம் ஒருபக்கம். ஆங்கில நூல்களின் குறியீட்டு முறை ஒருபக்கம். மூன்றும் உருகிக் கலந்து ஓருருவாகத் தமிழ் உரைநடையில் வரவேண்டும். அவ்வுரைநடையோ அப்பொழுதுதான் நாவலர் முதலியோர் கையிற் செப்பமடைந்து வந்தது. செய்யுளில் ஒரு விதியைச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏன் செல்கின்றோம் என்று தொடர்ந்து காட்டுதற்கு உரைநடையே வேண்டும். இம்முயற்சியில் அவர் தனியராயிருக்கவில்லை. செமினரியின் பிற்கால அதிபராகிய ஹென்றி ஹொய்சிங்ரன் 1848இல் நம்மவரின் வானசாத்திரத்தைத் தமிழும் ஆங்கிலமுமாக நூலாக்கினார். செமினரித் தோழர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்கத்தை நியாய இலக்கணம் என்னும் பெயராலே தமிழில் எழுதினார். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்ப்படுத்தும் பெரும்பணியிற் புகுந்ததும் அக்காலத்திலேதான். மருந்து நூல்களை எல்லோரும் நினைவுகூர்கின்றனர். கணித நூலை நினைவுகூர்வோர் சிலரே. நோயாளிக்கு மருந்தின் பயன் உடனே தெரியும். வீசகணிதத்தின் பயன் அவ்வளவு விரைவில் தெரிவதில்லை. வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

நூல் வெளிவந்த ஆண்டைப் படிப்போர் மனத்தில் இருத்துதல் வேண்டும். 1855 பெப்ரவரியிற் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அவ்வாண்டிலேயே பொஸ்தனிலிருந்து வந்த மிசன் தூதுக்குழுவினர் செமினரியை ஆராய்ந்து, அதனை மூடும்படி முடிவுசெய்தனர். அங்கே கற்றோர் சுவிசேஷ ஊழியத்துக்கு வராது ஆங்கிலக் கல்வியின் வலியால் அரசாங்க உத்தியோகங்களுக்குச் செல்கின்றனர் என்பது அவர்கள் கண்ட குறை. முப்பத்திரண்டு ஆண்டுகள் நடந்த கலாசாலை அவ்வாறு முடிந்தது. தமிழில் வீசகணிதம் பிறந்த ஆண்டும், அதனைக் கற்பிக்கத்தக்க ஆசிரியரை ஆக்கிய கூடம் அடைபட்ட ஆண்டும் ஒன்றேயாயின. அந்நூல் அதற்குப்பின் பரவாமைக்கு அதன் குறைவு காரணமாயிருத்தல் கூடும். ஆயினும் இந்த நிகழ்ச்சியே பெருங்காரணம் என்று நாம் கருதுகின்றோம். செமினரியின் இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது 1872இல். அங்கே கணிதம் ஆங்கிலத்தில் நடந்தது.

செமினரி மூடப்பட்டபோது விசுவநாதபிள்ளைக்கு வயது முப்பத்தைந்து அளவு. அக்காலத்து யாழ்ப்பாணத்து அறிஞர் பலர் சென்ற வழியில் அவரும் சென்னைக்குச் சென்றார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. அதன் முதலாவது பீ. ஏ. பரீட்சையில் தேறியவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்தவர். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். தாமோதரம்பிள்ளை அப்பொழுது இருபத்தைந்து வயது இளைஞர். விசுவநாதபிள்ளையோ அவரினும் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர், நூல் எழுதி அச்சேற்றிய ஆசிரியர். அவ்வயதில் மாணவரைப்போலப் பரீட்சை மண்டபத்திற் சென்றமர்ந்து எழுதியதை நாம் சிறிய செயலாக எண்ணவில்லை. சென்னை மாகாணம் முழுவதிலும் அவ்வாண்டு பட்டத்துக்குரியவர் அவ்விருவரே என்பதைப் பழைய மாணவர் கூட்டங்களில் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. அப்பெருமைக்கு ஊற்றாயிருந்த கூடம் அதற்கு இரண்டாண்டு முன்பே பூட்டப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்வது அரிது.

தாமோதரம்பிள்ளை பின்னர்ப் பழந்தமிழ் நூல்களை ஏட்டினின்றும் அச்சுக்குக் கொணர்ந்து என்றுமழியாப் புகழ்பெற்றார். விசுவநாதபிள்ளையின் வாழ்க்கை வேறுவழி திரும்பிற்று. அதனைச் சொல்லாது விடுதல் வரலாற்றுக்கு அழகன்று.

ஆறுமுக நாவலர் 1854இற் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். சைவத்தின்மேல் மிசனரிமார் சுமத்திய பழிகளுக்கெல்லாம், அவர்தம் வேதநூலிலிருந்தே மறுமொழி எடுத்துக்காட்டிய நூல் அது. அதற்கு மறுப்பாகச் சுப்பிரதீபம் என்னும் நூலை எழுதியவர் நம் விசுவநாதபிள்ளையே. அப்பொழுது அவர் கிறித்தவராயிருந்தார். தமிழ்ப் புலமையும் தருக்கப் பயிற்சியும் ஒருங்கே வாய்த்தவர். நாவலர் பக்கத்தார் அந்நூலை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. கண்டனத்தின்மேற் கண்டனம் பிறந்த அக்காலத்தை இப்பொழுது நோக்கும்போது, இருபக்கத்திலும் வல்லவர் நின்றனர் என்று கூறுதலே நேர்மை.

அவ்வாறு எழுதியவர் பின்னர் மனம் மாறினார். சைவத்துக்கு மீண்டார். இதனை நம் முன்னோர் சொல்லும்போது ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்வர். சிவநிந்தை கூறிய நாவுக்குக் கழுவாயாகச் சிதம்பரத்திலே பொன்னூசியைக் காய்ச்சி நாவிற் சூடிட்டுக்கொண்டார் என்று யாழ்ப்பாணத்திற் கன்னபரம்பரையாக வழங்கி வருகின்றது. பொன்னைப் புடமிட்டு மாற்றறியும் கணக்கைத் தமிழிற் சொல்ல வழிசெய்தவரின் வரலாற்றில் இப்பொன்னூசி வந்து புகுந்திருப்பதைக் கண்டு நாம் சற்றுத் திகைத்தே நிற்கின்றோம். சடங்கின் கடுமையை இக்காலத்தார் சிலர் விரும்பாதிருத்தல் கூடும். ஆனால், அச்சிட்டுப் பரப்பிய தம் நூலொன்றைத் தாமே கைவிட்டு, ஊரறிய மறுபக்கம் வந்து நிற்பதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டும் என்பதை நூல் எழுதிப் பழகியோர் அறிவர். அவர் எதற்காக மாறினார் என்று பழைய உலகம் பலவாறு பேசிற்று. உத்தியோகத்துக்காகவென்றோ பொருளுக்காகவென்றோ சொல்லுதற்குரிய சான்று நம் கண்ணிற் படவில்லை. முன்பு எழுதியதால் அவருக்கு மிசன் உலகில் மதிப்பு இருந்தது. மாறியதனால் அம்மதிப்பை அவர் இழந்தார். சைவவுலகிலும் பழைய நூலின் பெயர் அவரை விடாது தொடர்ந்தது. இன்றும் அவரைப் பற்றிக் கேட்டால் முதலிற் சொல்லப்படுவது கண்டனமும் சூடுமேயன்றி வீசகணிதமன்று.

இதுபற்றி நமக்கொரு மனக்குறை உண்டு. சமயவாதத்தில் அவர் எழுதியதை இருபக்கத்தாரும் பேணிக் காத்தனர். ஒரு பக்கத்தார் துணையெனவும், மறுபக்கத்தார் மறுக்கவேண்டிய பொருளெனவும். கணித நூலை எப்பக்கத்தாரும் தமதென்று கொள்ளவில்லை. அது சைவமுமன்று, கிறித்தவமுமன்று. வட்டுக்கோட்டையில் நின்றாலும் வண்ணார்பண்ணையில் நின்றாலும் 3ய = 24 என்பதற்கு ய = 8 என்பதே விடை. இருபாலாருக்கும் பொதுவாகிய அப்பொருளே யாராலும் பேணப்படாது போயிற்று.

நாவலர் 1879 திசெம்பரிற் சிவபதமடைந்தார். அடுத்த ஆண்டு, 1880இல், விசுவநாதபிள்ளையும் காலமானார். வயது அறுபது.

நமது கல்லூரியோடு அவருக்கு நேர்த்தொடர்பு இல்லை; காலம் அதற்கு இடந்தரவில்லை. நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1872இல் ஆங்கிலம் கற்பிக்கும் சைவ வித்தியாசாலையொன்றையும் தொடங்கினார். பின்னது நெடுங்காலம் நிலைக்கவில்லை. அக்குறையை நிறைத்ததே நம் கல்லூரியின் தோற்றம். அத்தோற்றத்தில் விசுவநாதபிள்ளையின் செமினரித் தோழர் ஒருவரின் கை இருந்தது. 1880களின் பிற்பகுதியில் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை யாழ்ப்பாணப் பட்டினத்துப் பிரதான வீதியில் ஓர் ஆங்கிலப் பாடசாலையை நடத்தினார். அது நியாயவாதி நாகலிங்கம் அவர்கள் கைக்கு மாறி, வண்ணார்பண்ணைக்கு வந்தது. 1890இற் சைவபரிபாலன சபையார் அதனைப் பொறுப்பேற்று இந்து உயர்தர பாடசாலை என்று பெயரிட்டனர். அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. சிதம்பரப்பிள்ளையின் மைந்தர் நெவின்ஸ் செல்வத்துரை அதன் அதிபராய் நெடுங்காலம் இருந்தார். ஆகவே, பூவரிடம் தொடங்கிய வட்டுக்கோட்டைக் கல்விமரபு, தன்னை எதிர்த்து எழுந்த சைவக் கல்வி நிலையத்துக்குள்ளேயே ஒரு கிளையாக வந்து தழைத்தது. பொற்கொல்லரைக் கேட்டால், இதனையும் ஒரு கலவை என்றே சொல்லுவர்.

அக்கல்லூரியிலும் கணிதம் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேதான் கற்பிக்கப்பட்டது. பட்டமும் உத்தியோகமும் ஆங்கிலத்திலிருந்தன. பெற்றோர் விரும்பியதும் அதுவே. அக்காலத்து ஆசிரியரை அதற்காகக் குறைகூறுவது முறையன்று. இலங்கையில் இடைநிலை வகுப்புக்களிலே தாய்மொழி வழியாக வீசகணிதம் கற்பிக்கும் காலம், விசுவநாதபிள்ளையின் நூல் அச்சாகி ஏறக்குறைய நூறாண்டு கடந்தபின் வந்தது. அப்பொழுது அரசகரும மொழித் திணைக்களத்தார் கணிதக் கலைச்சொற்றொகுதியை ஆக்கும்படி அறிஞர் குழுக்களைக் கூட்டினர். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் காண அவர்கள் நாட்கணக்காக இருந்து வாதித்தனர். முன்பொருமுறை யாழ்ப்பாணத்தார் ஒருவர் தனியே இருந்து அவ்வேலையைச் செய்து முடித்து அச்சேற்றியிருந்தார்.

மாணவருக்கு ஒரு கணக்கு வைக்கின்றோம். பத்தரொருவரிடம் 7 மாற்றில் 30 களஞ்சுப் பொன் உள்ளது. அதிற் சிறிது எடுத்துவிட்டு, எடுத்த நிறைக்கு ஒத்த நிறையில் 10 மாற்றுப் பொன்னைச் சேர்த்து உருக்கினார். முப்பது களஞ்சும் 8 மாற்றாயிற்று. அவர் எடுத்தது எத்தனை களஞ்சு? விடையைக் கணித ஆசிரியரிடம் காட்டுக.